அடைபட்ட சிரையும் அறுவைக் கத்தியும்

விருத்தாசலத்துப் பெரியோர்களே, பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை முடித்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் தோழர்களே, தாய்மார்களே, மாணவ மாணவியரே!

விழித்திரைச் சிரை அடைப்பு என்ற நோயைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். இந்த நோய் வந்தவர்களும் அவர்கள் வீட்டாரும் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றைத்தான். “ஆபரேஷன் செய்து அந்த அடைப்பை எடுத்துவிட முடியாதா டாக்டர்?” நியாயமான கேள்வி. இதயத்தில் அடைப்பு என்றால் பலூன் விட்டு விரிக்கிறார்கள், ஸ்டென்ட் வைக்கிறார்கள். கண்ணில் மட்டும் ஏன் முடியாது? அதற்கு முழுமையான பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் இந்த உரையின் நோக்கம்.

முதலில் உறுப்பைத் தெரிந்துகொள்வோம். கண்ணின் பின்சுவரை உட்புறமாக மூடியிருக்கும் மெல்லிய நரம்புத் திசுதான் விழித்திரை. அதன் கனம் கால் மில்லிமீட்டர் அளவுதான். பார்வை நரம்பின் நடுவே ஒரு தமனி உள்ளே வந்து நான்கு திசையிலும் கிளை பிரிந்து ரத்தத்தைக் கொடுக்கிறது. அதே போல் கிளை பரப்பிய சிரைகள் அந்த ரத்தத்தைத் திரட்டி, பார்வை நரம்பு வழியாகவே ஒரு நடுச்சிரையாக வெளியே கொண்டுபோகின்றன. கிளைச் சிரை ஒன்று அடைபட்டால் விழித்திரையின் ஒரு பகுதி பாதிக்கப்படும். நடுச்சிரையே அடைபட்டால் விழித்திரை முழுவதும் ரத்தம் தேங்கும். நடுச்சிரை அடைப்பைத் தனி நோயாக 1878-இல் விவரித்தவர் ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் ஃபான் மிஷெல். 2015-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 2 கோடியே 80 லட்சம் பேருக்கு இந்த இரண்டில் ஒன்று இருந்ததாக ஒரு கணிப்பு சொல்கிறது. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதற்கு அடுத்தபடியாக, விழித்திரை ரத்தக்குழாய் நோய்களில் அதிகம் காணப்படுவது இதுதான்.

கிளைச் சிரை ஏன் அடைபடுகிறது? விழித்திரையில் தமனியும் சிரையும் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் இடங்கள் உண்டு. அந்த இடத்தில் இரண்டுக்கும் வெளியுறை ஒன்றே. பல ஆண்டுகள் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாமல் இருந்தால் தமனியின் சுவர் தடித்து இறுகுகிறது. உறை பொதுவானது என்பதால் சிரைக்கு விலகிக்கொள்ள இடமில்லை. அது நசுங்குகிறது, உள்ளே ரத்த ஓட்டம் சுழிக்கிறது, உட்சுவர் புண்படுகிறது, ரத்தம் உறைகிறது. நடுச்சிரையில் இதே சங்கதி பார்வை நரம்புக்குள், இன்னும் நெருக்கடியான இடத்தில் நடக்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தக் கொழுப்பு, புகைபிடித்தல், கண் அழுத்த நோய், முதுமை ஆகியவை இதற்கு வழிவிடும் காரணங்கள்.

சூளை வெப்பத்தால் இது வருமா என்று இங்கே உள்ளவர்கள் நினைக்கக்கூடும். நீண்ட காலம் கண்ணில் படும் வெப்பக்கதிர் கண்புரையை உண்டாக்கும் என்பது கண்ணாடி ஊதும் தொழிலாளர்களிடமும் உலைத் தொழிலாளர்களிடமும் கண்டறியப்பட்டது. ஆகவே சூளை வாயைப் பார்க்கும்போது அதற்குரிய காப்புக் கண்ணாடி அணிவது அவசியம். சிரை அடைப்புக்கும் சூளைக்கும் அப்படி ஒரு தொடர்பு நிறுவப்படவில்லை. சிரை அடைப்பைப் பொறுத்தவரை நாம் பயப்பட வேண்டியது அளந்து பார்க்காமல் விட்ட பிரஷருக்கு.

அடைப்பு வந்தபின் பார்வையைக் கெடுப்பது எது? இதை நம் ஊரில் விளக்குவது எளிது. கிளேஸ் போடாத மண்பானையில் தண்ணீர் ஊற்றினால் வெளிப்பக்கம் வியர்க்கும். கிளேஸ் போட்டுச் சுட்ட பீங்கானில் ஒரு சொட்டும் வெளியே வராது. விழித்திரை ரத்தக்குழாயின் உட்சுவர் இயல்பில் இந்தப் பீங்கானைப் போல நெருக்கமானது. சிரை அடைபட்டதும் உள்ளே அழுத்தம் கூடுகிறது. பிராணவாயு கிடைக்காமல் தவிக்கும் விழித்திரை விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்கிறது. அந்தப் புரதம் குழாய்ச் சுவரின் நெருக்கத்தைக் குலைத்துவிடுகிறது. ரத்த நீர் கசிந்து, நாம் படிக்கவும் முகம் பார்க்கவும் பயன்படும் நடுப்பகுதியான மாக்குலாவில் கோத்துக்கொள்கிறது. பார்வை மங்குவதற்கு முதற்காரணம் இந்த நீர்க்கோப்புதான். அதே புரதம் நாளடைவில் வேண்டாத புதுக் குழாய்களையும் முளைக்க வைக்கும். அவை எளிதில் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். கண்மணியைச் சுற்றியுள்ள ஐரிஸ் படலத்தில் முளைத்தால் கண்ணின் வடிகால் அடைபட்டு, கடும் வலியோடு அழுத்தம் ஏறும். நடுச்சிரை அடைப்புக்குச் சுமார் மூன்று மாதம் கழித்துப் பலருக்கு இது வருவதால் மருத்துவர்கள் இதை நூறு நாள் கண் அழுத்த நோய் என்றே சொல்வதுண்டு.

இனி அறுவையின் கதைக்கு வருகிறேன். கண்ணின் உட்பகுதியில் பெரும்பங்கு விட்ரியஸ் என்ற தெளிந்த கூழால் நிறைந்தது. அதைத் தொட்டால் கண் போய்விடும் என்று மருத்துவ உலகம் அஞ்சியிருந்த காலம் உண்டு. 1970-ஐ ஒட்டி அமெரிக்காவின் மயாமி நகரில் ராபர்ட் மாக்கமர், கண்ணின் வெண்பகுதியில் சிறு துளையிட்டு அந்தக் கூழை வெட்டி உறிஞ்சி எடுக்கும் கருவியை உருவாக்கினார். அதுவே விட்ரெக்டமி. அதன் பிறகுதான் அறுவை மருத்துவரின் கருவி விழித்திரையின் மேல்பரப்பைத் தொட முடிந்தது. 1978-இல் டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் சென்னையில் தொடங்கிய சங்கர நேத்ராலயாவும், 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் இந்தக் கலையைத் தமிழ்நாட்டில் வேரூன்றச் செய்தன.

விழித்திரையைத் தொட முடிந்ததும் எழுந்த முதல் எண்ணம், நசுங்கிய சிரையை விடுவிப்போம் என்பதுதான். 1988-இல் மருத்துவர்கள் ஆஸ்டர்லோவும் ஸ்டீவ் சார்ல்ஸும் அதைச் செய்தார்கள். விட்ரியஸை எடுத்தபின், தமனி சிரையைக் கடக்கும் இடத்தில் அந்தப் பொது உறையை நுண்கத்தியால் பிரித்து, தமனியைத் தூக்கிவிட்டார்கள். கிளைச் சிரையின் விட்டம் பெரும்பாலும் 0.1 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அதன் மேல் ஒட்டியிருக்கும் தமனியைப் பிரிப்பது எவ்வளவு கடினமான கைவேலை என்பது, கோப்பை விளிம்பில் தூரிகை பிடித்துக் கோடு போடும் உங்களுக்குத் தெரியும். சிலருக்குப் பார்வை கூடியது. சிலருக்கு ரத்தக் கசிவு ஏற்பட்டது, விழித்திரையில் கிழிசல் விழுந்தது, நரம்பிழை அறுந்து பார்வைப் புலத்தில் ஒரு பகுதி இருண்டது. பின்னால் வந்த ஒப்பீடுகளில் ஒரு முக்கியமான உண்மை தெரிந்தது. உறையைப் பிரிக்காமல் விட்ரியஸை மட்டும் எடுத்தவர்களுக்கும் ஏறத்தாழ அதே பலன் கிடைத்திருந்தது. அப்படியானால் உறையைப் பிரித்ததால் வந்த பலன் எவ்வளவு என்ற சந்தேகம் வலுத்தது.

அடுத்தது நடுச்சிரை. 2001-இல் அமெரிக்க மருத்துவர் ஒப்ரெம்காக் ஒரு துணிச்சலான யோசனையை முன்வைத்தார். பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் வாயின் குறுக்களவு 1.5 மில்லிமீட்டர்தான். அதற்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பிழைகளும், தமனியும், சிரையும் நெருக்கியடித்துக்கொண்டு செல்கின்றன. அந்த வாயைச் சுற்றியுள்ள வெண்படல வளையத்தில் மூக்குப் பக்கமாக ஒரு கீறல் போட்டால் நெருக்கடி தளரும், சிரை விரியும் என்றார். 11 நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டார். உலகம் முழுவதும் பலர் அதைச் செய்யத் தொடங்கினார்கள்.

அப்போது உரத்து எதிர்த்தவர் பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சோகன் சிங் ஹைரே. பார்வை நரம்பின் ரத்த ஓட்டத்தை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர். அடைப்பு அந்த வளையத்துக்கும் பின்னால் நரம்புக்குள் இருக்கும்போது, வளையத்தைக் கீறுவதால் அது திறக்காது, நரம்பிழைகள்தான் வெட்டுப்படும் என்று அவர் வாதிட்டார். பிறகு வியன்னா மருத்துவர்கள் முன்னின்று நடத்திய சோதனை 2013-இல் வெளிவந்தது. பாவனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட அறுவை செய்துகொண்டவர்களில் அதிகம் பேருக்குப் பார்வை கூடியிருந்தது. கீறிய இடத்தில் விழித்திரைச் சிரைக்கும் அதன் பின்னுள்ள குழாய்களுக்கும் புது இணைப்புகள் உருவானதைச் சிலரிடம் பார்த்ததால், பலன் அதனால் வந்திருக்கலாம் என்றும் கருதினார்கள். ஆனால் அதற்குள் கத்தி இல்லாமலே நல்ல பலன் தரும் ஊசி வந்துவிட்டது. இன்று இந்த அறுவையை அநேகமாக யாரும் செய்வதில்லை.

மூன்றாவது வழி, அடைப்பைத் தொடாமல் மாற்றுப்பாதை போடுவது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மருத்துவர்கள் மெக்கலிஸ்டரும் கான்ஸ்டபிளும் 1995-இல் லேசரால் விழித்திரைச் சிரையையும் அதன் அடியிலுள்ள குழாய்ப் படலத்தையும் துளைத்து இணைத்தார்கள். இணைப்பு கூடியவர்களுக்கு ரத்தம் வேறு வழியில் வடிந்தது. ஆனால் எல்லோருக்கும் அது கூடவில்லை. லேசர் பட்ட இடத்தில் புதுக் குழாய்கள் முளைத்து அவதிப்பட்டவர்களும் இருந்தார்கள்.

நான்காவது வழி, நீங்கள் கேட்கும் கேள்விக்கு நேரான பதில். சிரைக்குள்ளேயே ஊசியை நுழைத்து, உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் மருந்தைச் செலுத்துவது. 1998-இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி வைஸ் இதைச் செய்து காட்டினார். ஆனால் பயிற்சி பெற்ற மருத்துவரின் கையிலும் இயல்பான நடுக்கம் 0.1 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும். சிரையின் விட்டமும் அவ்வளவுதான். ஊசி முனையைச் சிரைக்குள் அசையாமல் சில நிமிடம் நிறுத்துவது மனிதக் கைக்குப் பெரும்பாடு. அதனால்தான் 2017-இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில், கை நடுக்கத்தை அடக்கும் ரோபோ கருவியின் துணையோடு 4 நோயாளிகளின் சிரைக்குள் மருந்து செலுத்தினார்கள். பத்து நிமிடம் வரை ஊசி சிரைக்குள் நின்றது. மனிதர்களிடம் இது செய்யக்கூடியதே என்று நிரூபணமானது. அன்றாடச் சிகிச்சையாக அது இன்னும் ஆகவில்லை.

இத்தனை முயற்சிகள் செய்த மருத்துவர்களை நான் மதிக்கிறேன். கண்ணை இழந்துகொண்டிருப்பவரைப் பார்த்துச் சும்மா இருக்க முடியாதவர்கள் அவர்கள். அவர்கள் வழியாக நாம் கற்றது இது: நோயாளி வந்து சேரும்போது அடைப்பு பெரும்பாலும் நாட்பட்டுப்போயிருக்கிறது, குழாய்ச் சுவர் கெட்டிருக்கிறது, பிராணவாயு கிடைக்காத விழித்திரை அணுக்கள் நலிந்திருக்கின்றன. அடைப்பைத் திறந்தாலும் அழிந்த அணுக்கள் திரும்புவதில்லை. ஆகவே பார்வையைக் காப்பாற்ற வேண்டுமானால் அடைப்பு உண்டாக்கும் கசிவையும் புதுக் குழாய்களையும்தான் மடக்க வேண்டும்.

கசிவை மடக்க முதலில் வந்தது லேசர். 1984-இல் அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு, கிளைச் சிரை அடைப்பில் நீர்க்கோப்புக்கு லேசர் பலன் தருவதைக் காட்டியது. நடுச்சிரை அடைப்பில் அதே லேசர் நீரை வற்றச் செய்தும் பார்வையைக் கூட்டவில்லை என்று 1995-இல் இன்னொரு ஆய்வு சொன்னது. புதுக் குழாய் முளைத்த கண்ணில் விழித்திரை ஓரங்களுக்குப் போடும் லேசர் மட்டும் இன்றுவரை இன்றியமையாததாக இருக்கிறது.

2005-இல் மயாமியில் பிலிப் ரோசன்ஃபெல்டும் அவர் குழுவினரும், பெருங்குடல் புற்றுநோய்க்கான பெவாசிசுமாப் மருந்தை நடுச்சிரை அடைப்பு கொண்ட ஒருவரின் கண்ணுக்குள் ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். நீர்க்கோப்பு வற்றியது. விஇஜிஎஃப் புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போடும் மருந்து அது. 2010-இல் ரானிபிசுமாப் என்ற மருந்தின் இரண்டு பெரிய சோதனைகள் வெளிவந்தன. ஆறு மாதம் மாதாமாதம் ஊசி போட்டவர்களில், கிளைச் சிரை அடைப்பில் 100-க்கு 61 பேரும், நடுச்சிரை அடைப்பில் 48 பேரும் பார்வைப் பலகையில் மூன்று வரி அல்லது அதற்கு மேல் கூடுதலாகப் படித்தார்கள். பாவனை ஊசி பெற்றவர்களில் அது முறையே 29, 17. பிறகு அஃப்லிபர்செப்ட், ஃபாரிசிமாப் என்று அடுத்தடுத்து மருந்துகள் வந்தன. கண்ணுக்குள் மெதுவாகக் கரையும் ஸ்டீராய்டுத் துணுக்கும் உண்டு. அது சிலருக்குக் கண் அழுத்தத்தையும் கண்புரையையும் கூட்டும் என்பதால் ஆள் பார்த்துத்தான் கொடுக்கிறோம்.

விலையைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறேன், ஏனென்றால் பலர் சிகிச்சையை நிறுத்துவது அங்கேதான். விலை உயர்ந்த மருந்துதான் வேலை செய்யும் என்று எண்ண வேண்டாம். 2017-இல் வந்த ஸ்கோர்-2 சோதனை, நடுச்சிரை நீர்க்கோப்பில் ஆறு மாத முடிவில் பெவாசிசுமாப், அஃப்லிபர்செப்ட்டுக்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. முன்னதின் விலை பின்னதில் சிறு பங்குதான். ஆனால் பெரிய குப்பியிலிருந்து சிறு அளவுகளாகப் பிரிக்கும்போது கிருமி புகாத முறை கண்டிப்பாக வேண்டும். அதைச் செய்யும் இடம் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. 2015-இல் இந்திய நிறுவனமான இன்டாஸ், ரானிபிசுமாபுக்கு நிகரான ராசுமாப் மருந்தை உலகிலேயே முதலாவதாகக் கொண்டுவந்தது. அரசு மருத்துவமனையிலும் மருத்துவக் காப்பீட்டு அலுவலர் மேசையிலும், உங்கள் சிகிச்சைக்கு எது கிடைக்கும் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

அப்படியானால் அறுவைக்கு இன்று இடமே இல்லையா? இருக்கிறது. புதுக் குழாய் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் நிரம்பி, வாரக்கணக்கில் காத்தும் தெளியவில்லை என்றால் விட்ரெக்டமி செய்து அதை எடுக்க வேண்டும். உள்ளேயே லேசரும் போட்டுவிடலாம். இன்று அரை மில்லிமீட்டர் அளவுத் துளைகள் வழியாகத் தையலின்றியே இதை முடிக்க முடிகிறது. தழும்புத் திசு விழித்திரையைப் பிடித்து இழுத்துப் பெயர்த்தால் அறுவையைத் தள்ளிப்போடவே கூடாது. மாக்குலாவின் மேல் சவ்வு வளர்ந்து பார்வையைக் கோணலாக்கினால் அதை உரித்தெடுக்கலாம்.

நூறு நாள் கண் அழுத்த நோய் வந்துவிட்டால், ஊசியும் லேசரும் போட்டும் அழுத்தம் இறங்காதபோது, கண்ணுக்கு வேறு வடிகால் அமைக்க வேண்டும். இந்த அறுவையில் தமிழ்நாட்டுக்குப் பழைய உறவு உண்டு. 1819-இல் தொடங்கிய சென்னை அரசு கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், வெண்படலத்தில் வட்டத் துளையிட்டு நீரை வடிக்கும் அறுவையை 1909-இல் உலகுக்கு அறிவித்தார். பல பத்தாண்டுகள் உலகெங்கும் அது அவர் பெயராலேயே செய்யப்பட்டது. இன்று மதுரையின் ஆரோலேப் நிறுவனம் ஆதி என்ற வடிகுழாய்க் கருவியைச் செய்கிறது. வெளிநாட்டுக் கருவியை வாங்க முடியாதவர்களின் கண்ணையும் அது காக்கிறது.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில் இது. அடைப்பை நீக்குவதற்கென்று செய்யும் அறுவை இன்று வழக்கமான சிகிச்சையில் இல்லை. அடைப்பின் பின்விளைவுகளுக்கான அறுவை உண்டு. அது தேவைப்படும் நிலைக்குப் போகாமல் தடுக்க ஊசியும் லேசரும் உண்டு. கத்தியால் ஒரே நாளில் சரிசெய்துவிடுகிறோம் என்று யாராவது சொன்னால், எந்தப் பின்விளைவுக்காக அந்த அறுவை என்று கேளுங்கள். விட்ரியஸில் ரத்தமா, விழித்திரை பெயர்ந்திருக்கிறதா, அழுத்தம் இறங்கவில்லையா என்று கேட்டு, தெளிவான விடை கிடைத்தால் ஒப்புக்கொள்ளுங்கள். தெளிவில்லை என்றால் இன்னொரு விழித்திரை மருத்துவரைப் பாருங்கள். அறுவை அவசியம் என்று விளக்கிச் சொன்னபின் பயந்து தள்ளிப்போடுவதும் அதே அளவு தவறு.

ஊசிக்கு வருபவர்கள் மனதில் வைக்க வேண்டியது தொடர்ச்சி. ஊசி போடுவது 0.05 மில்லிலிட்டர்தான். மரத்துப்போக மருந்து விட்டபின் அழுத்தும் உணர்வு தெரியுமே தவிர, பயப்படும் வலி இராது. ஆனால் மருந்தின் வேகம் சில வாரம்தான் நிற்கும். விழித்திரை அந்தப் புரதத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். அதனால் தொடக்க மாதங்களில் மாதம் ஒரு ஊசி, பிறகு ஸ்கேன் பார்த்து இடைவெளியைக் கூட்டுதல் என்று போகிறோம். ஒரு ஊசியில் தெளிந்ததும் நின்றுவிடுபவர்களும், ஒரு ஊசியில் தெளியவில்லை என்று நின்றுவிடுபவர்களும் நாலைந்து மாதம் கழித்து வலிக்கும் கண்ணோடு வருகிறார்கள். ஆரம்பத்தில் ரத்த ஓட்டம் ஓரளவு நன்றாக இருந்த நடுச்சிரை அடைப்புக் கண்களிலும் 100-க்கு 34, மூன்று ஆண்டுக்குள் மோசமான வகைக்கு மாறியதாக 1990-களில் நடந்த ஆய்வு கண்டது. ஊசி இல்லாத மாதத்திலும் பரிசோதனைக்கு வரச் சொல்வது அதற்காகத்தான். ஊசிக்குப் பிறகு வலியும் சிவப்பும் கூடி, பார்வை குறைந்தால் அன்றே வர வேண்டும். சில ஆயிரம் ஊசிகளில் ஒன்றில் கிருமித்தொற்று வரலாம். உடனே வந்தால்தான் கண்ணைக் காக்க வாய்ப்பு.

இங்கிருந்து புதுச்சேரிக்கோ சென்னைக்கோ போய்வந்தால் ஒரு நாள் கூலி போகிறது, துணைக்கு வருபவரின் கூலியும் போகிறது. அச்சு வார்ப்பவருக்கும் பொம்மைக்கு வண்ணம் தீட்டுபவருக்கும் கண்தான் முதலீடு. ஆகவே தொழிற்கூடம் நடத்தும் முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடம் வேலை செய்பவர் மாதம் ஒரு நாள் கண் ஊசிக்குப் போக வேண்டும் என்றால் அந்த நாளுக்குக் கூலியைப் பிடிக்காதீர்கள். வீட்டாருக்கும் சொல்கிறேன், அடுத்த தேதியைக் காலண்டரில் குறித்து வைத்து ஞாபகப்படுத்துங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது ரத்த அழுத்தம். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. வாங்கி அலமாரியில் வைக்காமல் சாப்பிடுங்கள். “தலை சுற்றவில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்” என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். உயர்ந்த ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் காட்டாமல்தான் தமனியை இறுக்குகிறது. ஒரு கண்ணில் அடைப்பு வந்தவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம், ஏனென்றால் அடுத்த கண்ணையும் மூளையையும் இதயத்தையும் காப்பது அந்த மாத்திரைதான். 40 வயது தாண்டியவர்கள் ஆண்டுக்கொரு முறையாவது கண்மணி விரித்து விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

இந்த நோய் வலியில்லாமல் வருகிறது. இரண்டு கண்ணும் திறந்திருப்பதால் ஒரு கண் மங்கியது பலருக்குப் பல நாள் தெரிவதில்லை. ஆகவே இன்றிரவே வீட்டில் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு சுவர்க் காலண்டரைப் படியுங்கள். பிறகு மற்றக் கண்ணை மூடிப் படியுங்கள். வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லோரையும் செய்யச் சொல்லுங்கள். ஒரு கண்ணில் திரை விழுந்தாற்போலவோ, எழுத்து நெளிந்தோ தெரிந்தால் வாரச் சந்தை முடியட்டும், திருவிழா கழியட்டும் என்று காத்திருக்காமல் மறுநாளே கண் மருத்துவரிடம் போங்கள். இந்த நோயில் எங்களிடம் உள்ள எல்லாச் சிகிச்சைகளும், நீங்கள் சீக்கிரம் வந்து கடைசிவரை தொடர்ந்தால்தான் முழுப் பலன் தரும்.